கூலியில்லாத பகலும் கதைக்கான நேரமும்

தோழர்களே, கூலியில்லாத வேலை என்றால் இயக்கப் பணியை மட்டும் நினைக்கிறோம். திருச்சுழிக் கரிசலில் தண்ணீர் சுமப்பதும் விறகு பொறுக்குவதும் சோறாக்குவதும் அதே கணக்குதான். 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். பெண்களின் எழுதப்படாத கதைகள் இந்த இடைவெளியில்தான் கிடக்கின்றன.

நம் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, கன்னியர் மடத்தைவிட்டு வெளியேறிய பின்பே 1992இல் ‘கருக்கு’ தந்தார். பிறகு ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே கதைகள் எழுதினார். எழுத்துக்குத் திறமையோடு சம்பளமும் சொந்த நேரமும் வேண்டும்.

எழுதவரும் தோழியிடம் ‘நேரம் ஒதுக்குங்கள்’ என்று சொல்வது எளிது. அந்த நேரம் எங்கிருந்து வரும்? கூட்டத்துக்குத் தேநீர் போடுவதையும் வீட்டில் பாத்திரம் கழுவுவதையும் ஆண் தோழர்கள் ஏற்கட்டும். அதுவும் இலக்கியப் பணியே.