படம் பார்த்த பிள்ளையிடம் என்ன கேட்பது?

திரைப்படமொன்றைப் பற்றி எழுதச் சொன்னால் எமது பிள்ளைகளிடமிருந்து இரண்டில் ஒன்று கிடைக்கும். ஒன்று, முதற் காட்சியிலிருந்து கடைசிவரை கதை. மற்றது, 'நல்ல படம்' அல்லது 'சரியான அறுவை' என்ற தீர்ப்பு. இரண்டும் விமர்சனமல்ல. கதைக்கும் தீர்ப்புக்கும் இடையில் வரவேண்டிய காரணம் அவற்றில் இல்லை.

ஊரில் விரிவுரையாளனாக இருந்த நான் இங்கு ஒக்லாந்தில் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் பாடசாலை மாணவர் சிலருக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். தொழிற்சாலையில் ஒரு பொருளைக் கழித்துவிடுபவர் 'கூடாது' என்று மட்டும் எழுத முடியாது. எந்த இடத்தில் என்ன பழுது என்று குறிக்க வேண்டும். விமர்சனத்துக்கும் அதுவே முதல் விதி.

நீக்கி காரோ 2002இல் இயக்கிய 'வேய்ல் றைடர்' படத்தை எடுத்துக்கொள்வோம். விற்றி இஹிமைராவின் 1987ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது. மாவோரிக் கிராமமொன்றில் தலைமைக்கு ஆண்பிள்ளையையே தேடுகிறார் பாட்டனார். திமிங்கிலத்தின் மேலேறி வந்த மூதாதையின் பெயரைத் தாங்கிய பேத்தியை அவர் கண் காணவில்லை. கதைச்சுருக்கம் இவ்வளவு போதும். முடிவைச் சொல்லத் தேவையில்லை.

'சோகமான படம்' என்று ஒரு மாணவி எழுதினால், எந்தக் காட்சியில் என்று கேட்க வேண்டும். பாடசாலை விழாவில் பேத்தி பேசும் காட்சி என்பாள். அங்கே வேறென்ன தெரிந்தது என்று மீண்டும் கேட்க வேண்டும். பாட்டனாருக்கென ஒதுக்கிய கதிரை வெறுமையாக இருந்தது நினைவுக்கு வரும். அவள் பேசுவது அவரைப் பற்றி. கேட்க வேண்டியவர் அங்கில்லை. அந்தக் கதிரையைக் கமெரா காட்டியிராவிட்டால் அது வெறும் விழாப் பேச்சாகவே நின்றிருக்கும். இதை எழுதிய பின் 'சோகம்' என்ற சொல் தேவைப்படாது.

சிக்கல் எமது விடயத்தைப் பேசும் படங்களில்தான் தொடங்குகிறது. அதே 2002இல் வெளிவந்தது மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. எமது துயரைக் காட்டிய படத்தில் குறை காணலாமா என்று பெற்றோர் கேட்கக்கூடும். பாத்திரங்கள் பேசும் ஈழத்தமிழ் எங்கள் அம்மம்மாவின் தமிழ் அல்ல, எமது போர் ஒரு சென்னைக் குடும்பத்தின் கதைக்குப் பின்னணியாகிவிட்டது என ஒரு மாணவன் எழுதலாம். தாயைத் தேடும் சிறுமியின் வழியாகத்தான் தமிழ்நாட்டுப் பார்வையாளர் அந்தப் போருக்கு அருகில் வந்தனர் என இன்னொருத்தி மறுக்கலாம். இருவரும் காட்சியைச் சுட்டிக் காரணம் சொன்னால் இருவருக்கும் புள்ளி உண்டு. ஆசிரியரின் அபிப்பிராயத்துக்குப் புள்ளி கிடையாது.

மாற்றுக் கருத்துச் சொன்னவரைத் துரோகி என்றழைத்த பழக்கம் எம்மிடையே இருந்தது. இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. காரணத்தோடு முரண்படவும், மற்றவர் காரணத்தைக் கேட்டிருக்கவும் ஒரு பிள்ளை பழகுவதற்குத் திரைப்படம் ஆபத்தில்லாத இடம். அப்படிப் பழகிய பிள்ளை நாளை வீட்டிலும் சங்கத்திலும் எம்மிடம் காரணம் கேட்கும். அதற்குப் பெரியவர்கள் நாம் ஆயத்தமா என்பதையும் விவாதிப்போம்.