பட்டறை வழியே ஒரு பட்டம்

1923-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிரான்வெல் என்னும் ஊரில் இருந்த விமானப்படைப் பயிற்சிப் பள்ளியில் 16 வயதுப் பையன் ஒருவன் தொழில் பழகுநனாகச் சேர்ந்தான். முதல் முறை விண்ணப்பித்தபோது உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவன் அவன். விமானங்களைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் அவனுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அவனுடைய திறமையைக் கண்ட மேலதிகாரி ஒருவர் பரிந்துரைத்ததால் அதிகாரிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பின்னர் விமானப்படையே அவரைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்திற்கு அனுப்பியது. 1936-இல் பொறியியலில் முதல் வகுப்பில் தேறினார். மறு ஆண்டு ஏப்ரலில் அவர் அமைத்த எஞ்சின் முதன்முதலாக ஓடியது. அவர்தாம் ஜெட் எஞ்சினை உருவாக்கியவர்களுள் ஒருவரான பிராங்க் விட்டில். அவர் வடிவமைத்த எஞ்சின் பூட்டிய விமானம் 1941 மே 15 அன்று மேலெழுந்ததும் அதே கிரான்வெல்லிலிருந்துதான்!

கேட்க இனிமையான கதை. ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். அந்த மேலதிகாரி பரிந்துரைக்காமல் இருந்திருந்தால்? விட்டிலோடு பயின்ற பழகுநர்களில் மிகச் சிலருக்கே அந்தக் கதவு திறந்தது. கையால் வேலை கற்பவன் பட்டறைக்கு, கணக்குப் படிப்பவன் பல்கலைக் கழகத்திற்கு என்ற பிரிவினை அங்கே நெடுங்காலம் நிலவியது. இரண்டையும் சேர்க்க முயன்றவர்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு, மாலை வகுப்புகளுக்கு ஓட வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் 2015-இல் தொடங்கிய 'பட்டப் பழகுநர்' முறை இந்தப் பிரிவினையைக் குறைக்க எழுந்தது. இதில் சேருபவர் முதலில் ஒரு தொழிற்சாலையின் ஊழியர். அதன் பிறகே பல்கலைக் கழக மாணவர். வேலை ஒப்பந்தம் உண்டு, மாதச் சம்பளம் உண்டு. படிப்புக் கட்டணத்தில் ஒரு காசும் அவர் கொடுப்பதில்லை. அது நிறுவனத்தையும் அரசையும் சேர்ந்தது. 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளச் செலவு 30 இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட நிறுவனங்கள், அந்த மிகுதியில் அரை விழுக்காட்டைப் பழகுநர் பயிற்சிக்கென வரியாகக் கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். கட்டிய பணத்தைப் பயிற்சிக்கே திரும்பப் பெறலாம் என்பதால் பெரிய நிறுவனங்கள் ஆர்வம் காட்டின. வழக்கமான முறையில் பட்டம் பெறும் மாணவரோ 2012 முதல் ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை கட்டணத்தைக் கடனாகச் சுமக்க நேர்ந்தது. ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை.

படிப்பு பொதுவாக நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள். சில இடங்களில் வாரத்தில் ஒரு நாள் பல்கலைக் கழகம், மற்ற நாள்களில் தொழிற்சாலை. சில இடங்களில் பல வாரங்கள் தொடர்ந்து வகுப்பு, பிறகு வேலை. டைசன் நிறுவனம் 2017-இல் மாம்ஸ்பரி என்னும் ஊரில், தன் வளாகத்திலேயே ஒரு கல்விக் கூடம் தொடங்கியபோது, மூன்று நாள் வேலை, இரண்டு நாள் படிப்பு என்று அமைத்தது. முதலில் வார்விக் பல்கலைக் கழகம் அங்குப் படித்தவர்களுக்குப் பட்டம் அளித்தது. 2020-இல் தானே பட்டம் வழங்கும் உரிமையை அக்கூடம் பெற்றது.

இவ்வாறு கலந்து படிப்பதில் என்ன பயன்? ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கடைசல் எந்திரத்தில் 200 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு ஒன்றை நீங்கள் கடைந்து முடிக்கிறீர்கள். அனுமதிக்கப்பட்ட பிழை 0.02 மில்லிமீட்டர். அளந்து பார்க்கிறீர்கள், அளவு சரி. மறுநாள் காலை சோதனைப் பிரிவிலிருந்து தண்டு திரும்பி வருகிறது: நீளம் குறைவாம்! யாரும் அதைத் தொடவில்லை, தேயவும் இல்லை. என்ன நடந்தது? கடையும்போது உளி உராய்ந்து தண்டு சூடேறியிருந்தது. எஃகு, ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீள்கிறது. 25 டிகிரி கூடுதலாக இருந்தால் 200 × 12 × 25-ஐப் பத்து இலட்சத்தால் வகுக்க, 0.06 மில்லிமீட்டர். அனுமதித்த பிழையைப் போல் மூன்று மடங்கு! அலுமினியமாக இருந்தால் இன்னும் ஏறத்தாழ இரு மடங்கு நீண்டிருக்கும். 20 டிகிரி செல்சியசே நீள அளவுகளுக்கான தர வெப்பநிலை என உலகெங்கும் கொள்ளப்படுவது இதனால்தான்.

நீள்விரிவெண் என்னும் இதே பாடத்தை வகுப்பில் படித்தால் அது தேர்வுக்குரிய ஒரு சூத்திரம். தண்டு வீணாகித் திட்டு வாங்கிய வாரத்திலேயே படித்தால் அது மறக்காது. அடுத்த தண்டை ஆற வைத்து அளப்பீர்கள். எவ்வளவு நேரம் ஆற வேண்டும் என்ற கேள்வி வெப்பப் பரவல் பாடத்துக்கு உங்களை இழுத்துச் செல்லும்.

நம் நாட்டிலும் வேலையில் இருந்துகொண்டே ஏ.எம்.ஐ.இ. தேர்வுகளை எழுதிப் பொறியாளர் ஆனவர்கள் பலர் உண்டு. 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மைய அரசு வேலைகளில் அது பட்டத்துக்கு இணையாக ஏற்கப்பட்டது. ஆனால் அவர்கள் படித்தது பெரும்பாலும் ஷிப்டு முடிந்த பின், தூக்கத்தை விற்று வாங்கிய நேரத்தில். பட்டப் பழகுநருக்கோ, வகுப்பில் இருக்கும் நாளும் சம்பள நாள். இரண்டு முறைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த நேரந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. கல்லூரி மாணவருக்குரிய நீண்ட கோடை விடுமுறை இதில் கிடையாது. ஒரே நிறுவனத்தின் எந்திரங்களை மட்டும் பார்த்துப் பழகினால் பார்வை குறுகிவிடலாம். நிறுவனம் நொடித்தால் படிப்பும் தடுமாறும். இடங்களோ குறைவு, புகழ்பெற்ற நிறுவனங்களின் ஓர் இடத்துக்குப் பலர் முட்டி மோதுகிறார்கள். நேர்முகத் தேர்வில் தயங்காமல் பேசக்கூடிய, வசதியான வீட்டுப் பிள்ளைகள் முந்திக்கொள்கிறார்கள் என்ற குறையும் எழுந்துள்ளது. எந்தப் பையனுக்காகக் கதவைத் திறந்தார்களோ, அவன் இன்னும் வாசலிலேயே நிற்கக் கூடும்.

இத்தகைய படிப்பு எங்கு அறிவிக்கப்பட்டாலும் கையெழுத்திடுமுன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டத்தை வழங்குவது யார்? வகுப்புக்குச் செல்லும் நேரம் வேலை நேரத்தில் சேருமா? இடையில் வேலை போனால், அதுவரை தேறிய பாடங்களை வேறு பல்கலைக் கழகம் ஏற்குமா? பதில்களை வாய்மொழியாக அல்ல, எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.