எட்டில் ஒரு செகண்ட்: மிலிட்டரி வாட்சுக்குள்ள என்னதான் இருக்கு?

ப்ளேஸ்மென்ட் ஆர்டர் வந்த அன்னிக்கே ஹாஸ்டல்ல அந்தப் பேச்சு ஆரம்பிச்சிடும்: முதல் சம்பளத்துல என்ன வாங்கப் போற? என் ரூம்மேட் ரெண்டு மாசமா ஒரு வாட்ச் படத்தை வால்பேப்பரா வச்சிருக்கான். கறுப்பு டயல், பழுப்பேறின எண்கள், வலது பக்கம் ரெண்டு பட்டன். பழைய ராணுவ டிசைன்ல வந்த லிமிடெட் எடிஷன் க்ரோனோகிராஃப். விலை, அவனோட ஆறு மாசச் சம்பளம். "அப்படி என்னடா இருக்கு இதுல?"ன்னு கேட்டேன். அவனுக்கே சரியாச் சொல்லத் தெரியல. சரி, நாமளே தேடுவோம்னு உக்காந்தேன்.

க்ரோனோகிராஃப்னா கைக்கடிகாரத்துக்குள்ள ஒரு ஸ்டாப்வாட்ச். மேல் பட்டனை அழுத்தினா ஒரு கிளட்ச் வந்து, ஓடிக்கிட்டிருக்கிற பல்சக்கரங்களோட நடு முள்ளை இணைக்கும். மறுபடி அழுத்தினா பிரிச்சுவிடும். இது வரைக்கும் ஈஸி. முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வர்றதுதான் கஷ்டம். முள் 17-ல நிக்குதா 43-ல நிக்குதான்னு வாட்சுக்குத் தெரியாதே! அதுக்கு 1844-ல அடால்ஃப் நிக்கோல் என்பவர் பேட்டன்ட் வாங்கினது ஒரு இதய வடிவ கேம். முள்ளோட அச்சுல இருக்கிற அந்த கேமை ஒரு குட்டிச் சுத்தியல் வந்து அழுத்தும். விளிம்புல எங்க அழுத்தினாலும் கேம் சறுக்கிச் சுழன்று, மையத்துக்குப் பக்கத்துல இருக்கிற பள்ளத்துல போய் உக்காரும். முள் டக்குனு 12-க்கு வந்துடும். வைவாவுக்காக கேம் அண்ட் ஃபாலோயர் படத்தை மனப்பாடம் பண்ணினப்போ இதை யாராவது காட்டியிருந்தா நான் ரெண்டு மார்க் கூடவே வாங்கியிருப்பேன்.

ராணுவத்துக்கு இது எதுக்கு? ஜி.பி.எஸ். இல்லாத காலத்துல விமானி, இந்தத் திசையில, இந்த வேகத்துல, இத்தனை நிமிஷம் பறந்துட்டுத் திரும்பணும்னுதான் கணக்குப் போட்டு ஓட்டினார். மணிக்கு 720 கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு 200 மீட்டர். நிறுத்து, பூஜ்ஜியமாக்கு, மறுபடி ஓட்டுன்னு மூணு தடவை அழுத்துறதுக்குள்ள அரை கிலோமீட்டர் போயிடும். அதனால 1950-களில் பிரெஞ்சு விமானப்படை 'டைப் 20'ன்னு ஒரு வரையறை போட்டு, ஒரே அழுத்துல பூஜ்ஜியமாகி உடனே ஓட ஆரம்பிக்கிற ஃப்ளைபேக் வேணும்னு கேட்டுது.

தரைப்படைக்கு உதவினது டெலிமீட்டர்ங்கிற அளவுகோல். பீரங்கி வெளிச்சம் தெரிஞ்சதும் பட்டனை அழுத்து, சத்தம் கேட்டதும் நிறுத்து, டயல் விளிம்புல தூரத்தைப் படி. ஒலி நம்ம ஊர் வெப்பத்துல செகண்டுக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஏறக்குறைய 3 செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர்.

இதை நான் புத்தகத்துல படிக்கிறதுக்கு முன்னாடியே கழுகுமலைல கத்துக்கிட்டேன். எங்க தாத்தா பீரங்கிப் படையில இருந்து ரிட்டயர் ஆனவர். கையில ஹெச்.எம்.டி. ஜவான். அதுல க்ரோனோவும் கிடையாது, பட்டனும் கிடையாது. ஐப்பசில உளுந்துக்கும் பாசிக்கும் களை எடுத்துக்கிட்டிருப்பாங்க. கரிசக்காட்டுல ஒதுங்க என்ன இருக்கு? நாலு பனை, கொஞ்சம் உடைமரம், ரெண்டும் இடிக்கு ஆகாது. மின்னல் வெட்டினதும் தாத்தா செகண்ட் முள்ளைப் பார்ப்பார். "ஏலே, எண்ணு!" நான் எண்ணுவேன். முப்பதுக்குள்ள இடி கேட்டா, அதாவது பத்து கிலோமீட்டருக்குள்ள வந்துட்டா, எல்லாரையும் சத்தம் போட்டு ஊருக்குள்ள விரட்டிடுவார். கூலி போகுதேன்னு முணுமுணுப்பாங்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாம யாரும் திரும்பக் கூடாது. (இப்போ இன்னும் கறாராச் சொல்றாங்க: இடி காதுல விழுந்தாலே உள்ள போ, எண்ணிக்கிட்டு நிக்காத.) கோவில்பட்டி சுமார் 20 கிலோமீட்டர். அங்க வெட்டுற மின்னலோட சத்தம் எங்க ஊருக்கு வர ஏறக்குறைய 57 செகண்ட் ஆகணும். ஆனா பொதுவா 15 கிலோமீட்டர் தாண்டினா இடி கேக்கவே கேக்காது. அப்போ வெறும் வெளிச்சம்தான்.

சரி, லிமிடெட் எடிஷனுக்கு வருவோம். இந்த மாதிரிப் பல வாட்சுகளுக்குள்ள ஓடுறது வால்ஜூ 7750, அல்லது அதோட வாரிசு. 1970-களில் வந்த இன்ஜின். மணிக்கு 28,800 துடிப்பு, செகண்டுக்கு 8. ஆக, அது அளக்கக் கூடிய சின்ன நேரம் எட்டில் ஒரு செகண்ட். 500 பீஸ் மட்டும்னு சொன்னா 500-ஆ இருக்கிறது டயலும் கேஸும்தான், இன்ஜின் இல்ல. அந்தப் பழுப்பு எண்களும் அப்படித்தான். பழைய வாட்சுகள்ல ரேடியம் பெயின்ட் வயசாகிப் பழுத்தது. இப்போ ரேடியம் இல்லாத பெயின்ட்டைப் பழுத்த நிறத்துலயே அடிச்சு விக்கிறாங்க. நிஜமான பழசு கிடைச்சா டயலைச் சுரண்டிப் பார்க்காதீங்க. வெளிச்சம் செத்துப் போயிருக்கும், ஆனா ரேடியத்தோட அரை ஆயுள் 1,600 வருஷம்.

அப்போ பழைய ஹெச்.எம்.டி. வாங்கலாமான்னு கேப்பீங்க. 1961-ல ஜப்பானோட சிட்டிசன் கம்பெனி உதவியோட பெங்களூருல ஆரம்பிச்சு, 2016-ல மூட முடிவெடுத்த கம்பெனி. அதனால போலிக்கு நல்ல காலம். செகண்ட் இயர்ல நானே ஆன்லைன்ல ஒரு 'பைலட்' வாங்கி ஏமாந்தேன். டயல் பளபளன்னு ஆரஞ்சு கலர்ல இருந்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். லென்ஸ் வச்சுப் பார்த்தா எழுத்து விளிம்பு பிசிறடிக்குது, நிமிஷக் கோடுகள் எண்களோட நேரா நிக்கல. புதுசா பெயின்ட் அடிச்ச டயல். அதுல இருந்து விக்கிறவர்கிட்ட பின்மூடியைத் திறந்து படம் அனுப்பச் சொல்லிக் கேக்குறேன். பாதிப் பேர் பதிலே போடுறதில்ல.

தாத்தாவோட ஜவான் இப்போ என்கிட்டதான் இருக்கு. போன தீபாவளி லீவுல ரிப்பேருக்குக் கொடுத்தப்போ, "டயலைப் புதுசா அடிச்சுத் தரட்டுமா தம்பி?"ன்னு கேட்டார் கடைக்காரர். வேண்டாம்ணே, எண்ணெய் மட்டும் போடுங்கன்னேன். ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிஷம் பிந்துது. முப்பது எண்ணுறதுக்கு அது போதும்.

ரூம்மேட் இன்னும் வால்பேப்பரை மாத்தல. ஆனா உள்ள என்ன மூவ்மென்ட்னு கேட்டுக் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கான்.