ஜெபமும் பிள்ளைகளும்: நான் தாமதமாகக் கற்ற பாடம்

பெரம்பூரில் எங்கள் வீட்டில் சாயந்திரம் ஏழரை மணிக்கு ஜெபமாலை. என் மாமனார் ரயில்வேயில் இருந்தவர், நேரம் தப்பினால் அவருக்குப் பொறுக்காது. கரண்ட் போனாலும் மழை கொட்டினாலும் மாதா சுரூபத்துக்கு முன்னால் பாய் விரித்து எல்லாரும் முட்டி போட்டாக வேண்டும்.

என் மூத்தவனை நாலு வயசிலேயே அந்தப் பாயில் உட்கார வைத்தேன். ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடிக்க இருபது நிமிஷம் ஆகும். மாதா பிரார்த்தனையும் சேர்ந்தால் அரை மணி. பிள்ளை நெளிவான், கொட்டாவி விடுவான். நான் யாருக்கும் தெரியாமல் தொடையில் கிள்ளுவேன். "சாமி கண்ணைக் குத்தும், பசாசு பிடிச்சுக்கிட்டுப் போகும்" என்று மிரட்டுவேன். ஒருநாள் தூங்கி விழுந்தான் என்பதற்காக, மற்றவர்கள் எழுந்த பிறகும் அவனை முட்டி போட வைத்தேன். அன்று ராத்திரி பசாசு வருது என்று தூக்கத்தில் அலறினான்.

இன்று அவனுக்குப் பத்தொன்பது வயசு. ஏழரை ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். ஏண்டா என்று ஒருநாள் கேட்டேன். "ஜெபம்னாலே எனக்கு முட்டி வலிதாம்மா ஞாபகம் வருது" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நான் ஆடிப் போய்விட்டேன்.

தாமதமாகப் பிறந்த என் மகளுக்கு இப்போது ஆறு வயசு. இவளிடமும் அதே தப்பைச் செய்யக் கூடாது என்று மாற்றிக்கொண்ட சில விஷயங்களைத்தான் சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டில் சுலோகமோ, தேவாரமோ, தொழுகையோ இருக்கலாம். பிள்ளை எல்லா வீட்டிலும் பிள்ளைதானே!

பெர்னதெத் என்ற மக்குப் பெண்

எங்கள் லூர்து மாதா கோவில் திருவிழா பிப்ரவரி 11. 1858-ல் அதே நாளில்தான் பிரான்சில், விறகு பொறுக்கப் போன பெர்னதெத் என்ற 14 வயசுப் பெண்ணுக்கு மாதா முதல் தடவை காட்சி கொடுத்தாள். மொத்தம் 18 காட்சிகள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்தது பலருக்குத் தெரியாது. பெர்னதெத் ஆஸ்துமாக்காரப் பிள்ளை, ஏழை, எழுதப் படிக்கத் தெரியாது. வளர்ப்புத் தாயாக இருந்த அம்மாள் ராத்திரியில் உட்கார வைத்து ஞான உபதேசம் சொல்லித் தருவாளாம். புத்தகம் பிரெஞ்சில், பிள்ளைக்குத் தெரிந்ததோ ஊர்ப் பேச்சு. மனசில் ஏறவில்லை. அந்த அம்மாள் பொறுமை இழந்து, நீ மக்கு என்று திட்டிப் புத்தகத்தை வீசிவிடுவாளாம். மாதாவோ அவளோடு அவள் ஊர்ப் பேச்சிலேயே பேசினாள். அந்த மக்குப் பெண்தான் 1933-ல் அர்ச்சிஷ்டவளாக அறிவிக்கப்பட்டாள். இதைப் படித்ததும், புத்தகத்தை வீசிய அம்மாள் நான்தான் என்று தோன்றியது.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 1542-ல் முத்துக்குளித் துறைக்கு வந்த சவேரியார், ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, தாமே மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று அனுப்பினார். பிள்ளையை வாத்தியாராக்கிவிட்டார் பாருங்கள்!

அதையே நானும் செய்தேன். என் மாமியார் இன்னும் பழைய பிரியதத்த மந்திரம்தான் சொல்லுவார். கோவிலில் "அருள் நிறைந்த மரியே". பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். மூன்றும் கலந்து பிள்ளை குழம்பினாள். இப்போது அவள் பாட்டிக்கு இங்கிலீஷ் ஜெபம் கற்றுத் தருகிறாள், பாட்டி அவளுக்குப் பழசைக் கற்றுத் தருகிறார். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.

வயசுக்குத் தக்க ஜெபம்

மூன்று வயசுக்குச் சிலுவை அடையாளம் போட்டு சுரூபத்துக்கு முத்தம் கொடுத்தால் போதும். ஐந்து வயசுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. என் மகள் பத்து மணி சொல்லுவாள், பிறகு விளையாடப் போகலாம். ஒவ்வொரு மணியும் ஒருத்தருக்காக: டீச்சருக்கு, பால்காரருக்கு, காய்ச்சலில் கிடக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு. அடுத்த மணி யாருக்கு என்று யோசிப்பதில் தூக்கமே வராது.

சாப்பாட்டை முன்னதாகவே கொடுத்துவிடுகிறேன். பசித்த பிள்ளையிடம் பக்தி எதிர்பார்க்க முடியாது. முட்டி போடுவது, சம்மணம் போடுவது அவள் இஷ்டம். மாதாவுக்குப் பூ வைப்பது அவள் வேலை.

கவனிக்க வேண்டியவை

ஜெபமாலையைக் கைக்குழந்தை கையில் கொடுக்காதீர்கள். மணி அறுந்து தொண்டையில் சிக்கிக்கொள்ளும், கழுத்தில் மாட்டிவிட்டால் இறுக்கும். மெழுகுதிரியைத் திரைச்சீலைக்கும் தொட்டிலுக்கும் எட்டத்தில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அணைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

தவக்காலத்தில் சிறு பிள்ளைகளைப் பட்டினி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திருச்சபையே அப்படிச் சொல்லவில்லை. ஒருசந்திக் கடமை 18 வயசு முடிந்த பிறகுதான், அதுவும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள். மாமிசம் தவிர்ப்பது 14 வயசு முடிந்த பிறகு. பிள்ளை தானாக மிட்டாய்க் காசை உண்டியலில் போடட்டும். அந்தக் காசில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவில் வாசலில் பசித்தவருக்கு ரொட்டி வாங்கி, அவள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

"தாத்தா மோட்சத்துல என்ன சாப்பிடுவாரு?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்குத் தெரியலையே கண்ணு என்றேன். அம்மாவுக்கும் தெரியாதது உண்டு என்பதில் அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

மூத்தவனிடம் ஒருநாள், "உன்னைக் கிள்ளினதும் மிரட்டினதும் என் தப்புடா" என்று சொல்லிவிட்டேன். சொல்லவே எனக்கு நெஞ்சு அடைத்தது. அவன் பதில் பேசவில்லை. டம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

போன திருவிழாவில் தேர் பார்க்கத் தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். கூட்டத்தோடு அவளும் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்து, பாதியில் மறந்து முழித்தாள். கீழேயிருந்து அவன் மெதுவாக எடுத்துக் கொடுத்தான்.

அப்புறம் ஜெபத்துக்கு வர ஆரம்பித்துவிட்டானா என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் ஏழரைக்குச் செருப்பு மாட்டுகிறான். நான் கூப்பிடுவதில்லை. என் பத்து மணியில் ஒன்று அவனுக்கு.