வன்தட்டு எங்கே போயிற்று?

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஆயினும் அவற்றில் பழைய விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவ விரும்பியவர்களும் உண்டு. பழைய தமிழ் எழுத்துருக்களோடு பேஜ்மேக்கரில் பழகியவர்கள் ஒருபுறம். எக்ஸ்பி காலத்து மென்பொருளோடு வந்த கருவிகளை ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்கும் எம்மைப் போன்ற இயற்பியல் ஆசிரியர்கள் மறுபுறம்.

நிறுவத் தொடங்கிய சில நிமிடங்களில் திரை நீலமாகி ஒரு பிழை எண் தோன்றும். அல்லது, வன்தட்டு எதுவும் காணப்படவில்லை என்னும் பொருளில் ஆங்கிலச் செய்தி வரும். உடனே தட்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புதிய தட்டுக்குப் பணம் கொடுத்துவிடுவோர் உண்டு. பழைய தட்டோடு அதிலிருந்த பாடக் குறிப்புகளும் படங்களும் போய்விடும். உண்மையில் தட்டில் குறை ஏதும் இராது. கணிப்பொறியை இயக்கியதும் பயாஸ் காட்டும் பட்டியலைப் பாருங்கள்: அதே தட்டு தன் பெயரோடும் கொள்ளளவோடும் அங்கே இருக்கும். அப்படியானால் சில நிமிடங்களில் அது எங்கே போயிற்று?

இதை விளங்கிக்கொள்ளத் தூத்துக்குடித் துறைமுகத்தைச் சற்று நினைவுகூர்வோம். ஆழ்கடல் துறைமுகம் அமையும் முன்னர், பெரிய கப்பல்கள் கரையிலிருந்து வெகுதொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள் கரையிலிருந்து சரக்கைச் சிறிது சிறிதாகக் கொண்டுசென்று கப்பலில் ஏற்றும். இன்றோ கப்பலே உள்ளே வருகிறது. ஆனால் தானாக வருவதில்லை. அலைத்தடுப்புச் சுவர்களுக்கு இடைப்பட்ட வழியை நன்கறிந்த பைலட் ஒருவர் படகில் சென்று கப்பலில் ஏறி வழிகாட்டுகிறார்.

கணிப்பொறி துவங்கும்போது இவ்விரண்டு காலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பயாஸ் என்பது தோணி. எந்தத் தட்டானாலும் அதிலிருந்து சிறிது சிறிதாகப் படித்து, இயங்குதளத்தின் முதற்பகுதியை நினைவகத்தில் ஏற்றிவிடும். ஏறியதும் இயங்குதளம் 32 பிட் முறைக்கு மாறுகிறது. பயாஸின் பணிநிரல்களோ பழைய 16 பிட் முறைக்கென எழுதப்பட்டவை; ஆகவே இனி அவற்றை அழைப்பதில்லை. தோணிகள் நிறுத்தப்படுகின்றன, கப்பல் தானே துறைக்குள் நுழைய வேண்டும். அதற்கு வழிகாட்டும் சிறு நிரலே டிரைவர் எனப்படுவது. அந்தத் துறையை அறிந்த டிரைவர் இல்லையென்றால், இயங்குதளத்தைப் பொறுத்தவரை தட்டே இல்லை!

எக்ஸ்பி 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது அறிந்த வழி ஐ.டி.இ. என்னும் பழைய முறை. ஏ.எச்.சி.ஐ. என்னும் புதிய முறையின் வரையறையை இன்டெல் வெளியிட்டதோ 2004இல். இம்முறையில் 32 கட்டளைகள் வரை வரிசையில் நிற்கலாம். தட்டு தனக்கு வசதியான வரிசையில் அவற்றை நிறைவேற்றிக்கொள்ளும். நல்ல முறைதான். ஆனால் மூன்று ஆண்டு முன்னர் அச்சிட்ட குறுந்தட்டில் அதற்கான டிரைவர் எப்படி இருக்கும்?

டிரைவரை வன்தட்டிலேயே பதிந்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். பைலட் கரையில் நிற்கிறார், தோணிகளையோ நிறுத்தியாயிற்று என்பதே விடை. கடைசித் தோணியிலேயே அவரையும் ஏற்றிவிட வேண்டும். இதற்காகவே எக்ஸ்பி நிறுவலின் தொடக்கத்தில் எப்6 விசையை அழுத்தச் சொல்லும். ஆனால் டிரைவரை அது நெகிழ்வட்டிலிருந்து மட்டுமே வாங்கிக்கொள்ளும். நெகிழ்வட்டுச் செருகிடம் மடிக்கணினிகளிலிருந்து மறைந்த பின் இந்த ஏற்பாடு வெறும் கேலியாகிவிட்டது. எனவே என்லைட் போன்ற நிரலால் டிரைவரையும் சேர்த்துப் புதிய குறுந்தட்டு தயாரித்தார்கள்.

இன்னும் எளிய வழி, பயாஸ் அமைப்பில் சாட்டா முறையை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ஐ.டி.இ.க்கு மாற்றுவது. இதில் ஒரு பொறி உண்டு. மாற்றியதும் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் 7 நீலத் திரையோடு நின்றுவிடலாம். அஞ்ச வேண்டாம், எதுவும் அழியவில்லை. அமைப்பைப் பழையபடி வைத்தால் அது மீண்டும் துவங்கும். தட்டின் பகிர்வுகளை அழிப்பதும் வடிவமைப்பதும்தான் மீளாத செயல்கள். ஆகவே நகல் எடுக்காமல் அவற்றைத் தொடாதீர்கள்.

இக்கதை எக்ஸ்பியோடு முடியவில்லை. 2009இல் வந்த விண்டோஸ் 7, 2011இல் வரையறுக்கப்பட்ட என்.வி.எம்.இ. தட்டுகளை அறியாது, யு.எஸ்.பி. 3 செருகிடத்தையும் அறியாது. அதனால் பென் டிரைவிலிருந்து துவங்கிய நிறுவல், சற்றுநேரத்தில் அதே பென் டிரைவைக் காணோம் என்று டிரைவர் கேட்கும். 2020க்குப் பிந்தைய சில இன்டெல் மடிக்கணினிகளில் விண்டோஸ் 10 நிறுவலே தட்டைக் காணாமல் விழிக்கிறது. வி.எம்.டி. என்னும் அமைப்பை நிறுத்தினாலோ, நிறுவும்போது அதன் டிரைவரைப் பென் டிரைவிலிருந்து கொடுத்தாலோ தட்டு தெரிந்துவிடும்.

பழைய இயங்குதளம் தேவைதானா என்பதையும் எண்ணிப் பாருங்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும் நின்றுவிட்டன. ஏ.டி.எம். இயந்திரங்களிலிருந்து இத்தகைய பழைய பதிப்புகளை நீக்குமாறு ரிசர்வ் வங்கி 2018இல் வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. இவற்றை நிறுவிய கணிப்பொறியை இணையத்தில் இணைப்பது கதவைத் திறந்துபோட்டு ஊருக்குப் போவதற்கு ஒப்பாகும்.

பழைய மென்பொருள் ஒன்றுக்காகத்தான் எக்ஸ்பி வேண்டுமென்றால், மெய்நிகர் கணிப்பொறியே என் பரிந்துரை. வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற நிரல், இன்றைய மடிக்கணினிக்குள் 1990களின் ஐ.டி.இ. கட்டுப்படுத்தி ஒன்றைப் போல நடிக்கிறது. எக்ஸ்பியும் தான் அறிந்த துறையைக் கண்டு தயங்காமல் நுழைகிறது. அமைக்கும்போது தட்டின் வகையை ஐ.டி.இ. என்றே தேர்ந்தெடுங்கள். சாட்டா என்று கொடுத்தால், வன்தட்டைக் காணோம் என்ற அதே செய்தி அங்கும் வந்து நிற்கும்.