பட்டிப்பொலவில் காற்றை எங்கே அளப்பது?

இலங்கையின் ரயில் நிலையங்களில் மிக உயரத்தில் இருப்பது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கும் மேல். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போக இங்கே இறங்குகிறவர்கள் ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டு, "என்ன சுத்தமான காற்று" என்று சொல்லாமல் நகர்வதில்லை. மேடையில் நிற்கிறவருக்கு அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், பிரட்டுக்குப் போகுமுன் விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிற பெண் இழுப்பது வேறு காற்று. குளிருக்காகக் கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கும். கவ்வாத்து வெட்டிய மிலாறு பனியில் நனைந்து சரியாகப் பிடிக்காமல் புகையும். கூரைத் தகரத்தில் படிந்து கிடக்கும் கரியே அதற்குச் சாட்சி. மலையகத்தில் காற்றை அளக்க வேண்டிய முதல் இடம் அந்தச் சமையலறைதான் என்பது என் வாதம்.

காற்றின் தரம் என்று பேசும்போது அதிகம் கவனிக்கப்படுவது நுண்துகள். 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைவுமான குறுக்களவு உள்ளவை பிஎம் 2.5 எனப்படும், தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகிற அளவைத் தாண்டிச் சிறியவை என்பதால் இவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. விறகுப் புகையின் துகள்களில் பெரும்பகுதி இந்த அளவைச் சேர்ந்தது. ஒரு கன மீற்றர் காற்றில் இவை எத்தனை மைக்ரோகிராம் என்பதுதான் கணக்கு. 24 மணி நேரச் சராசரி 15ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல். இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமம் 50 வரை அனுமதிக்கிறது.

இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளில் 20 மணி நேரம் 10 மைக்ரோகிராம் உள்ள நல்ல காற்றிலும், 4 மணி நேரம் 400 உள்ள சமையலறையிலும் இருக்கிறார் என்று கொள்வோம். விறகடுப்பு எரியும் மூடிய அறைக்கு 400 மிகையான எண் அல்ல. அவருடைய நாள் சராசரி 75 ஆகிவிடும். வழிகாட்டலைப் போல ஐந்து மடங்கு. மலைக்காற்று எத்தனை சுத்தமாக இருந்தாலும் அந்த நான்கு மணி நேரத்தை அதனால் ஈடுகட்ட முடியாது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. நீடித்த சுவாச நோய், மாரடைப்பு, பக்கவாதம், சிறு பிள்ளைகளின் நிமோனியா ஆகியவை இதில் அடங்கும். கண்புரை உண்டாவதிலும் இந்தப் புகைக்குப் பங்குண்டு.

துகளை அளக்கும் மலிவான கருவி மலையின் மூடுபனியில் பொய் சொல்லுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கைக்கடக்கமான கருவியில் ஒரு சிறு விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. லேசர் ஒளி அதன் குறுக்கே பாய்கிறது. துகளில் பட்டுச் சிதறும் ஒளியை ஓர் உணரி பிடித்து, அதிலிருந்து எடையை ஊகிக்கிறது. ஈரம் மிகுந்தால் துகள்கள் நீரை ஏற்றுப் பருக்கின்றன, பனித்துளியும் துகளாக எண்ணப்படுகிறது. ஆகவே தேயிலை மலையில் பனி இறங்கிய மாலையில் வெளியே வைத்த கருவி, புகையே இல்லாமலும் பெரிய எண்ணைக் காட்டக்கூடும். ஆய்வுநிலையக் கருவிகள் காற்றைச் சூடாக்கி உலர்த்தி, வடிதாளில் துகளைப் படியவைத்து அளப்பதால் இந்தத் தொல்லை அவற்றுக்குக் குறைவு. மலிவான கருவிக்கும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இத்தகைய ஒரு கருவிக்கு வகுத்த திருத்தச் சூத்திரம், வாசிப்பைப் பாதியளவாகக் குறைத்து, ஈரப்பதனுக்கேற்ப மேலும் கழிக்கிறது. தவிர, அடுப்பு மூட்டுமுன் 20 காட்டிய கருவி மூட்டியபின் 500 காட்டினால், அந்த வித்தியாசத்தைப் பனியின் தலையில் கட்ட முடியாது.

உயரமே பாதுகாப்பு என்பதும் முழு உண்மை அல்ல. 2022 டிசம்பரில் மாண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றபோது வடக்கிலிருந்து வந்த அழுக்குக் காற்று தீவின் மேல் படர்ந்து, 9ஆம் திகதி பாடசாலைகளையே மூட வேண்டியதாயிற்று. அன்று காற்றின் நிலையைச் சொன்னது, நமக்கு மண்சரிவு எச்சரிக்கை தரும் அதே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அப்படி ஒரு நாளுக்கு நாடே பதறுகிறது. தினமும் விடியலில் எழும் புகையைப் பற்றிப் பேச்சில்லை.

இன்னொரு கேள்விதான் கனமானது. 2022இல் கேஸ் கிடைக்காமல் நகரத்தாரே விறகுக்குத் திரும்பினார்கள். நாட்சம்பளக் குடும்பத்திடம் எண்ணைக் காட்டி என்ன பயன்? எண் மட்டும் அடுப்பை மாற்றாது என்பது உண்மைதான். ஆனால் எது செலவுக்குத் தகும் என்று அது சொல்லும். புகைக்கூடு வைத்தபின் எவ்வளவு இறங்கியது, விறகைக் காயவைத்து எரித்தால் எவ்வளவு, கூரையோரம் ஒரு திறப்பு விட்டால் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். புதிய வீட்டுத் திட்டங்களில் சமையலறை எங்கே அமைய வேண்டும் என்று வாதாடவும் அந்த எண் கைகொடுக்கும். ஓர் எச்சரிக்கை: தணலிலிருந்து எழும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவைத் துகள் கருவி காணாது. குளிருக்காகத் தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவது, கருவி என்ன காட்டினாலும், உயிராபத்து.

தோட்ட நிர்வாகங்களும் பிரதேச சபைகளும் சுகாதார அலுவலர்களும் கருவி வாங்கினால், காரியாலயச் சுவரில் மாட்டிவிட வேண்டாம். ஒரு வாரம் லயத்துச் சமையலறையில், மறுவாரம் பிள்ளைக்காம்பராவில் வையுங்கள். கிடைத்த எண்ணைத் தமிழில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள்.