புகை நின்றால் ஆபத்து நின்றதா?

பொங்கலன்று காலையில், எரிவாயு அடுப்பு உள்ள வீட்டு வாசலிலும் மூன்று செங்கல் வந்துவிடும். ஜாசின் வட்டாரத்தில் மெர்லிமாவ், செலாண்டார், பெம்பான் என எங்கே போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். விறகு பற்றாமல் புகைகிறது. அம்மா கண்ணைக் கசக்குகிறார். அப்பா மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடுகிறார். பாட்டியோ ஊதுகுழலை எடுத்துக்கொண்டு வந்து குனிந்து உட்காருகிறார். இந்த மூவரில் அறிவியல் பாட்டியின் பக்கம்தான் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போமா, மாணவர்களே?

எரிவது கட்டையா, வாயுவா?

விறகைச் சூடாக்கினால் முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும். வெப்பம் 200 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது மரம் சிதையத் தொடங்கி, எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடும். நாம் பார்க்கும் சுடர் இந்த வாயுக்கள் எரிவதுதான். அவை எல்லாம் போன பிறகு மிஞ்சுவது கரி. அது சுடர் இல்லாமல் சிவந்து கனன்றுகொண்டிருக்கும். அதைத்தான் தணல் என்கிறோம்.

அப்படியானால் புகை என்ன? போதிய வெப்பமோ காற்றோ கிடைக்காமல் பாதியில் தப்பிப்போன வாயுவும், தார்த் துளியும், கரித்தூளும்தான் புகை. எரிந்து வெப்பம் தந்திருக்க வேண்டிய பொருள் உங்கள் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிட்டுப் போகிறது.

ஈர விறகின் கணக்கு

அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீராக இருக்கலாம். ஒரு கிலோ பச்சை விறகில் அரை கிலோ நீர் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கி, பிறகு ஆவியாக்க ஏறத்தாழ 1,280 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 294 கிலோஜூல் போதும். அதாவது, நான்கு லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக்கூடிய வெப்பம், விறகை உலர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது!

பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போது விறகு தாராளமாகக் கிடைக்கும். அதை உடனே எரிக்காமல் பிளந்து, கூரையின் கீழ் காற்றோட்டமாக அடுக்கிச் சில மாதங்கள் காயவிட வேண்டும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது ‘டங்’கென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். காய்ந்த விறகின் முனைகளில் வெடிப்பும் தெரியும்.

வண்ணம் பூசிய பழைய பலகை, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக் ஆகியவற்றை அடுப்பில் போடவே கூடாது. அவற்றின் புகை நச்சுத்தன்மை கொண்டது.

காற்று எந்தப் பக்கம் வர வேண்டும்?

முதலில் அடுப்பு அமையும் இடம். வெறும் சிமெண்டுத் தரையில் நெருப்பு மூட்டினால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகித் தரை வெடித்துத் தெறிக்கக்கூடும். அடியில் மணலைப் பரப்புங்கள். ஆற்றில் எடுத்த கல்லும் இதே காரணத்தால் வெடிக்கலாம். காய்ந்த செங்கல் நல்லது.

நடுவில் பன்னாடை அல்லது தேங்காய் நார், அதன்மேல் மெல்லிய சிம்புகள், பிறகுதான் பெரிய விறகு. இடைவெளி விட்டு அடுக்குங்கள். அடுப்பை அடைத்துத் திணித்தால் காற்று நுழையாது. பாட்டியின் ஊதுகுழல் காற்றை நேராகத் தணலின் அடிக்குக் கொண்டுபோகிறது. ஆக்சிஜன் கிடைத்ததும் தணல் சூடேறுகிறது, வாயுக்கள் தீப்பற்றுகின்றன, புகை சுடராக மாறுகிறது.

விறகு சாம்பல் படுக்கையின் மேலேயே நன்றாக எரியும். கரிக்கு அடியிலிருந்து காற்று வர வேண்டும். கரி அடுப்பில் துளைத் தட்டு இருப்பது அதற்காகத்தான். செம்பனை ஆலைகளிலும் நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரிக்கிறார்கள். அங்கே ஊதுகுழலின் வேலையைப் பெரிய விசிறிகள் செய்கின்றன.

மண்ணெண்ணெயை மட்டும் தொடாதீர்கள். சூடான தணலில் ஊற்றினால் அது நொடியில் ஆவியாகிக் குப்பென்று பற்றும். தீ போத்தல் வரைக்கும் ஏறிவரலாம். பெட்ரோல் இன்னும் மோசம். அது சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகித் தீப்பற்றத் தயாராக இருக்கும்.

மூக்குக்குத் தெரியாத வாயு

பொங்கல் பொங்கிவிட்டது. புகை நின்று, தணல் அழகாகச் சிவந்திருக்கிறது. ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அடுத்த ஆபத்து இப்போதுதான் தொடங்குகிறது.

கனலும் கரி கார்பன் மோனாக்சைடை வெளிவிடுகிறது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுடன் இது, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் ஒட்டிக்கொள்ளும். உடலுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. தூங்குபவருக்கு எதுவும் தெரியாது.

2024 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் கொடைக்கானலுக்குத் திருச்சியிலிருந்து சுற்றுலா வந்தவர்கள், இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டு உறங்கினார்கள். அவர்களில் இருவர் மறுநாள் எழவே இல்லை. அடுப்பிலிருந்து வந்த வாயுவால் மூச்சுத் திணறி இறந்ததாகச் செய்திகள் வெளிவந்தன.

‘நம் ஊரில் குளிர் ஏது?’ என்று கேட்கலாம். ஆனால் மழை வந்தால் அடுப்பை வீட்டுக்குள் இழுத்து வைக்கிறோம் அல்லவா? பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணி போடத் தணலை அறைக்குள் கொண்டுபோகிறோம் அல்லவா? சாம்பிராணி காட்டியதும் தணலை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். தாயும் சேயும் தூங்கும் அறையில் அதை விட்டுவைக்கக் கூடாது. சன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பது போதுமான பாதுகாப்பு ஆகாது.

தணல் அருகில் இருக்கும்போது யாருக்காவது தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வந்தால் எல்லாரும் உடனே வெளியேறி 999-ஐ அழையுங்கள்.

அடுப்பை விட்டுப் போகும் முன்

தணலைப் பரப்பி, தள்ளி நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். சாம்பலுக்குள் புதைந்த தணல் மறுநாளும் உயிரோடு இருக்கலாம். எனவே சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டாமல், மூடியுள்ள தகர வாளியில் போட்டு வெளியே வையுங்கள். கையில் சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை தடவ வேண்டாம்.

அடுத்த பொங்கலுக்கான விறகு உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? மழையில் நனைந்துகொண்டிருந்தால் இன்றே கூரைக்குள் எடுத்து அடுக்குங்கள். பாட்டிக்கு ஊதுகிற வேலை பாதியாகக் குறையும்.